அல்லி இலைமேல் ஒரு ரப்பர் தவளை

என்னோடு ஒரே காலத்தில் சுவிஸில் பீல் நகரத்துக்கு வந்திறங்கிய பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பிள்ளைகள் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. போன மாதம் கல்யாண வீட்டில் நம்முடைய மேசையில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் சோற்றுக்கு முன்னால் மருந்துக் குளிசை போட்டோம். அங்கேதான் உங்களில் ஒருத்தி என் காதுக்குள் குனிந்து கேட்டாள்.

"எடியே, உன்ர அப்பா அந்த நாளையில எங்க போனாலும் ஒரு திரைச்சீலையைச் சுருட்டிக் கக்கத்துக்க வைச்சுக்கொண்டு திரிவார். அது என்னத்துக்கு?"

மேளச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. மேளம் இல்லாவிட்டாலும் இரண்டு வார்த்தையில் முடிகிற பதில் அல்ல அது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. இனிச் சொன்னால் கோபிக்க மாட்டார். உயிரோடு இருந்திருந்தாலும் கோபித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. அப்பா முதலில் வந்து, இரண்டு வருடம் கழித்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்திருந்தோம். எனக்குப் பத்து வயது. மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் பின்புறத்து றோட்டில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. அப்பா ஏரிக்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். உணவகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. எனக்கும் புதன்கிழமை அரை நாள்தான் பள்ளிக்கூடம். அதனால் அந்தக் கோடையின் கதை முழுக்கப் புதன்கிழமைகளின் கதை.

நம் எல்லோரிடமும் அப்போது இருந்தது நாட்டில் இருக்கலாமா போக வேண்டுமா என்று முடிவாகாத காலத்துக்குக் கொடுக்கும் மெல்லிய அட்டை. சில மாதத்துக்கு ஒருமுறை நீடிக்க வேண்டும். நீடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நம் வீடுகளில் யாரும் உரத்துப் பேசியதில்லை. அப்பா அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, பைக்கு ஊசியும் குத்தியிருந்தார். ஒரு சின்னப் பிழை போதும், அனுப்பிவிடுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. சிவப்பு விளக்கில் றோட்டைக் கடக்க மாட்டார். பஸ்ஸில் இருமினால்கூட மன்னிப்புக் கேட்பார்.

அப்படிப்பட்ட மனிதன் கள்ளமாக மீன் பிடித்தார். அதுதான் திரைச்சீலையின் கதை.

காரணம் அம்மா. அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். எதைச் சாப்பிட்டாலும் சத்தி. கட்டடத்து மாடிப்படிகளில் ஏறிவரும் வெண்ணெய் வாசத்துக்கே ஓங்காளிப்பார். தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தபடி நடப்பார். ஆசுப்பத்திரியில் எடை பார்த்த தாதி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அப்பா கடையில் மீன் வாங்கி வந்தார். ஐஸ் பிடித்த, வெள்ளைச் செங்கல் மாதிரி ஒன்று.

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குத் தலை எங்கை?"

"இஞ்ச தலையோட விக்க மாட்டினம்."

"தலையில்லாத மீனுக்கு என்ன ருசி? பச்சை மீனில ஒரு குழம்பு வைச்சால் ஒருவாய் தின்னுவன்."

அந்த வாரம் பாவித்த பழைய சாமான் கடைக்குத் திரைச்சீலை வாங்கப் போனோம். எங்கள் முன்னறைக்கு ஜன்னல் மட்டும் இருந்தது, சீலை இல்லை. எதிர்வீட்டுக் கிழவர் காலை உணவு சாப்பிடுவதை நாங்களும், நாங்கள் சாப்பிடுவதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடையில் மண்ணிறத்தில் ஆரஞ்சு வட்டங்கள் போட்ட சீலையை அம்மா தெரிந்தெடுத்தார். அப்பாவின் கண் மூலையில் சாத்தியிருந்த தூண்டில் தடியில் நின்றது. இரண்டாகக் கழற்றக்கூடிய தடி. நூல் சுற்றும் சில்லு. கூடவே கயிற்றால் கட்டிய ஒரு பிஸ்கட் தகரம்.

தகரத்தை வீட்டில் திறந்தோம். தகடு கரண்டிகள், மரத்தில் செய்த குட்டி மீன்கள், எல்லாவற்றின் வயிற்றிலும் மூன்று மூன்று கொக்கிகள். அடியில் ஒரு ரப்பர் தவளை. கையடக்கமாக, தேசிக்காய் அளவு. முதுகு பச்சை, வயிறு மஞ்சள். உள்ளே வெறும் காற்று. அமத்தினால் 'புஸ்' என்று மூச்சு விடும். பின்னால் ரப்பர் நூல்களில் இரண்டு கால்கள். புதுச் செருப்பு வாசம். அதன் முதுகோடு ஒட்டியபடி இரட்டைக் கொக்கி படுத்திருந்தது.

"இது சின்னப் பிள்ளையளின்ர சாமான் போல கிடக்கு," என்றார் அப்பா. கொக்கிமேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை நாலு சுற்றுச் சுற்றி என்னிடம் தந்தார். அப்படித்தான் தவளை எனக்குச் சொந்தமானது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி, எழுத வெட்கமான ஒரு விஷயம். அப்பா யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதியவர். வெள்ளைச் சேட்டு, மை பட்ட விரல். மீன் எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வரும். அம்மா படலைக்கு இந்தப் பக்கம் நின்று வாங்குவார். மீன்காரர் அந்தப் பக்கம்தான் நிற்பார், உள்ளே வந்ததில்லை. மீன் தின்னலாம், பிடிக்கக்கூடாது. பிடிக்கிறது வேறு ஆக்களின் தொழில். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, காற்றிலேயே இருந்தது. உங்கள் வீடுகளிலும் இருந்தது, முகத்தைச் சுளிக்காதீர்கள்.

மீன் பிடிக்க அரசாங்க அனுமதி அட்டை வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். நாட்டில் இருக்கவே அட்டை கேட்பவர்கள் மீன் பிடிக்கவும் கேட்பார்கள்தானே. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுப்பார்களா என்று யாரிடம் கேட்பது? அலுவலகங்களில் எதைக் கேட்பதென்றாலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். நம்முடைய ஆள், எழுபதுகளிலேயே வந்தவர். அவரைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது: அவருக்கு முன்னால் வெள்ளிக்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை ஷ்லீரன் ஊர் வரைக்கும் போய், திங்கள் துன் நகரத்துக்கும் போய்விடும்.

"அவனிட்டக் கேட்டால், இன்னார் தூண்டில் போடுறாராம் எண்டு உலகமெல்லாம் பறையடிச்சுப்போடுவான்," என்றார் அப்பா.

ஆக, நம் சனத்துக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சுவிஸ் சட்டத்தை மீறினார். எது பெரிய பயம் என்று பாருங்கள். தடியை இரண்டாகக் கழற்றி, ஆரஞ்சு வட்டத் திரைச்சீலைக்குள் சுருட்டி, பஸ்ஸில் யாராவது தமிழர் கேட்டால், "கரை மடிச்சு அடிக்கக் குடுக்கப் போறன்" என்பார். அந்தச் சீலைக்கு ஒரு கோடை முழுவதும் கரை அடித்து முடியவில்லை. எதிர்வீட்டுக் கிழவரும் நாங்களும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

பஸ்ஸில் இருபது நிமிடம். இறங்கிச் சோளத் தோட்டம் ஒன்றைத் தாண்டினால் ஆரே நதி கைவிட்டுப்போன பழைய வளைவு. ஆற்றை நேராக வெட்டிய பிறகு தேங்கி நின்ற தண்ணீர். கரையிலிருந்து பஸ் ஒன்றின் நீளத்துக்கு அல்லி இலைகள், இலைமேல் இலை. இரண்டு பக்கமும் நாணல். அங்குமிங்கும் மட்டும் தாம்பாளம் அளவில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். சேறும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு மணம். தும்பிகள் என் தலைமயிரில் வந்து உட்காரும்.

அந்த இலைக் காட்டில்தான் மீன் இருக்கிறது என்று அப்பாவுக்கு எப்படியோ தெரிந்தது. இடைக்கிடை இலைகளுக்கு அடியில் ஏதோ பெரிதாக நகரும், இலைகள் ஒவ்வொன்றாக விளிம்பு தூக்கும். அப்பா கரண்டியை எறிந்தார். அல்லித் தண்டில் கொளுவியது. இழுத்தார். நூல் அறுந்தது. அடுத்த கரண்டி, அடுத்த மர மீன். மூன்று புதன்கிழமைகளில் தகரம் காலி. வயிற்றில் கொக்கி தொங்குகிற எதுவும் அங்கே உயிரோடு திரும்பி வரவில்லை.

மூன்றாவது புதன்கிழமை அப்பா புல்லில் குந்தி, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பொழுது போகவில்லை. தவளையின் மூக்கில் சணல் கயிற்றைக் கட்டி இலைகளின் மேல் எறிந்து, என் பக்கம் மெதுவாக இழுத்து விளையாடினேன். தவளை சறுக்கிச் சறுக்கி இலைக்கு இலை தாவியது, எங்கேயும் சிக்கவில்லை. ஒரு கறுப்புத் தண்ணீர் ஓட்டைக்குள் 'டொப்' என்று விழுந்தது. நான் மூக்கைச் சொறிவதற்காக ஒரு நிமிடம் நிறுத்தினேன்.

தண்ணீர் வெடித்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இலைகள் பறந்தன, என் சட்டை நனைந்தது, கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடி, பிறகு தளர்ந்தது. தவளையை இழுத்து எடுத்தேன். பிளாஸ்டர் கிழிந்து தொங்கியது. மஞ்சள் வயிற்றில் வரிசையாக ஊசித் துளைகள்.

அப்பா எழுந்து வந்து தவளையை வாங்கினார். கொக்கி முதுகில் படுத்திருப்பதை முதன்முறையாகப் பார்ப்பவர் போல விரலால் தடவினார். மேலே பார்த்த கொக்கி இலையில் சிக்காது. மீன் கடிக்கும்போது மட்டும் ரப்பர் அமுங்கும், கொக்கி வெளியே வரும்.

"இது விளையாட்டுச் சாமான் இல்லையடி," என்றார் தணிந்த குரலில்.

தவளை தூண்டில் நூலுக்கு மாறிய பிறகும் இரண்டு மீன்கள் தப்பின, ஏனென்றால் தண்ணீர் வெடித்த உடனே அப்பா பதறி இழுத்தார். மீன் வாயை மூட முதலே தவளை பறந்து எங்கள் முகத்துக்கு வந்தது. "கொஞ்சம் பொறுங்கோவன் அப்பா," என்றேன் நான். அடுத்த தடவை தண்ணீர் வெடித்ததும் கண்ணை மூடி, "சிவ, சிவ, சிவா" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது சிவாவில் தடியை மேலே வாங்கினார். தடி வில்லாக வளைந்தது. அல்லிக் கொடிகளைத் தலையில் மாலையாகச் சுற்றிக்கொண்டு, இலைகளின் மேலாகவே இழுபட்டு அது கரைக்கு வந்தது.

இங்கே அதை ஹெக்ட் என்பார்கள். பச்சை உடம்பு, மஞ்சள் புள்ளி, தாராவின் மூக்கு, முதலையின் பல், ஊர்க் கடலின் சீலா மீன் போல நீளம். "ஆத்துச் சீலா!" என்று அப்பா கத்தினார். கத்தியதும் பயந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? அரை நாள் முடிந்து நேரே வந்ததால் என் பள்ளிக்கூடப் பை முதுகில் இருந்தது. புத்தகங்களை அப்பா கையில் எடுத்தார். கடதாசியில் சுற்றி ஆத்துச் சீலா பைக்குள் போனது. அடுத்த நாள் ஆசிரியை என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு முறை வந்து நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எல்லா ஜன்னல்களையும் திறந்தார்.

அம்மா தலையைப் பார்த்து அழுதே விட்டார். புளி கிடைக்காததால் எலுமிச்சை பிழிந்து, வறுத்த தூளைப் போட்டு வைத்த குழம்பு. அந்த மீனுக்குள் கவர் விட்ட முள் ஆயிரம் இருக்கும். அம்மா ஒவ்வொன்றாக உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் அடுக்கினார். சத்தி வரவில்லை. அப்பா சாப்பிடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் வந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் தொட முடியும். அடுத்த தடவை ஆசுப்பத்திரியில் தாதி தலையை ஆட்டவில்லை, பெருவிரலை உயர்த்தினார்.

நாலு புதன்கிழமை அப்படிப் போனது. ஐந்தாவது புதன்கிழமை மீன் காவலர் வந்தார்.

பச்சை உடுப்பு, நரைத்த மீசை, ஒரு நாய். நாணலுக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்து நின்றார். அப்பா முழங்கால் வரை தண்ணீரில், கையில் தடி. தடியின் நுனியில் தவளை. காவலரின் கண் முதலில் தவளையில்தான் விழுந்தது. இந்த நாட்டில் தவளையைப் பிடிக்கக்கூடாது, கொல்லக்கூடாது என்று எங்கள் வகுப்பிலேயே படம் ஒட்டியிருந்தார்கள்.

"அது உயிருள்ள தவளையா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தவளையைப் பிடித்து அமத்தினேன். 'புஸ்' என்றது.

"இது ரப்பர். என்னுடைய விளையாட்டுச் சாமான்," என்றேன் எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். "நான்தான் எறிந்தேன். அப்பா சும்மா எடுத்துத் தருகிறார். மீன் பிடிக்கவில்லை."

அந்த நேரம் பார்த்து, புல்லில் கிடந்த என் பள்ளிக்கூடப் பை ஒருமுறை துள்ளியது. நாய் காதை நிமிர்த்தியது. காவலர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் அட்டையைக் கேட்டார். அப்பா ஊசியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். காவலர் குறிப்புப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொண்டார். தொப்பியைத் தொட்டார். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்று, "எழுதிப்போட்டான்," என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த மூன்று வாரமும் மீன் இல்லை. அம்மாவுக்குச் சத்தி திரும்பி வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தபால் பெட்டியைப் பார்க்காமல் மாடி ஏறப் பழகினேன். என் பொய்யால்தான் அனுப்பப்போகிறார்கள் என்று எனக்கு நிச்சயம். தன் மீனாசையால்தான் என்று அம்மாவுக்கு நிச்சயம். அப்பாவுக்கு என்ன நிச்சயம் என்று கேட்கத் தேவையில்லை, சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவார். மூன்று பேரும் தனித்தனியாகப் பழியைச் சுமந்துகொண்டு ஒரே மேசையில் இருந்தோம். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கடிதம் வந்தது. வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கிற, பெயரிலேயே பொலிஸ் இருந்த அலுவலகத்திலிருந்து. இன்ன நாள், காலை ஒன்பது மணி, அட்டையோடு வரவும். அவ்வளவுதான் எனக்கு வாசிக்க முடிந்தது. ஏன் என்று அதில் இல்லை.

அம்மா அன்றே சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். தம்பிக்குப் பின்னி வைத்திருந்த சின்னக் காலுறைகளை முதலில் வைத்தார். "இஞ்சருங்கோ, அவங்கள் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. நுணலும் தன் வாயால் கெடும் எண்டுவினம். உங்கட வாய் சும்மா கிடந்தாலே காணும்."

"ஓம், ஓம். நான் ஏன் வாயைத் திறக்கிறன்?" என்றார் அப்பா.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார், தாளில் இருப்பதை வாசிக்க. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. கையில் கடதாசியில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம். அது என்னவென்று நான் கேட்கவில்லை.

அறையில் மேசைக்குப் பின்னால் அதிகாரி, கண்ணாடி போட்ட இளைஞர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அவரைக் கண்டதும் அப்பாவின் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதிகாரி காலை வணக்கம் சொல்லி, கோப்பைத் திறந்து, பேனாவைத் தேடினார். பேனாவைத் தேட எடுத்த அந்த நேரத்தை அப்பாவால் தாங்க முடியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்துத் தவளையை மேசையில் வைத்தார்.

"ஐயா, நான் மீன் பிடிச்சனான். களவாத்தான் பிடிச்சனான். ஆனால் தவளையைக் கொல்லேல்லை, இது ரப்பர். பிள்ளை பொய் சொன்னது என்னாலதான். மனுசி வயித்தில பிள்ளையோட, ஒண்டும் தின்னாமல் கிடந்தவ. அவைய அனுப்பாதேங்கோ. அனுப்பிறதெண்டால் என்னை மட்டும் அனுப்புங்கோ."

சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தபடி அப்பாவையே பார்த்தார், டொச்சில் சொல்ல வேண்டியதை மறந்துபோய். அதிகாரி தவளையைப் பார்த்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நான் ஓடிப்போய் அமத்திக் காட்டினேன். 'புஸ்'.

பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மெதுவாக, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல். அந்த அளவு டொச் எனக்கு விளங்கியது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கோப்புக்குள்ளிருந்து மூன்று புது அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஆறு மாதம் நீடித்திருந்தார்கள். கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டது. மீன் காவலரிடமிருந்து அவருக்கு எந்தக் காகிதமும் வந்திருக்கவில்லை.

"மீன் என்னுடைய மேசை இல்லை," என்றார். "அனுமதி அட்டை வேண்டுமென்றால் கீழ்மாடியில் வாங்கலாம்."

"எங்களுக்கும் தருவினமோ?" அப்பா கேட்டார்.

"யாருக்கும்."

அப்பா கையெழுத்துப் போட்டார். கோடை முழுவதும் யாரிடமும் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு ஒரே ஒரு சொல்தான் பதிலாக இருந்தது.

மாடிப்படியில் பின்னால் காலடிச் சத்தம். மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பிடித்தார். அப்பா நின்றார். இனி ஷ்லீரன், பிறகு துன் என்று அவர் மனதுக்குள் வரைபடம் ஓடியிருக்க வேண்டும்.

"அண்ணை," என்றார் அவர். "மீன் கடிச்ச உடன இழுக்கிறனீங்களோ, பொறுக்கிறனீங்களோ?"

அப்பா விழித்தார். "பொறுப்பன். மூண்டு சிவா சொல்லுவன்."

"அதுதான் சரி. எங்கட அப்புவும் பொறடா, பொறடா எண்டுதான் கத்துவார்." பிறகு படியின் கைபிடியைப் பார்த்தபடி சொன்னார்: "அப்புவுக்கு ஒரு வள்ளம் இருந்தது அண்ணை. நான் இஞ்ச எல்லாரிட்டயும் வாத்தியாரின்ர மகன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பதினொரு வருசம் தூண்டில் தொட்டதில்லை. பிடிச்சால் என்ர கை காட்டிக் குடுத்துப்போடும்."

ஊரில் அந்த வள்ளக்காரர் எங்கள் படலைக்கு வெளியே நின்றிருப்பார். அது அப்பாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்குத்தான் அப்போது தெரியாது.

"புதன்கிழமை உங்களுக்கு லீவோ?" என்று கேட்டார் அப்பா. பிறகு, "இண்டைக்கு வீட்டை வாங்கோ. ஒருவாய் சாப்பிடுவம்."

வீட்டில் நடந்ததை அப்பா குசினியில் அம்மாவுக்குச் சொன்னார். அவர் யார் என்பதையும் சொன்னார். அம்மா கையில் தட்டோடு அசையாமல் ஒரு நிமிடம் நின்றார். அந்த ஒரு நிமிடத்தை நான் அம்மாவுக்காக மறைக்கப் போவதில்லை. பிறகு நாங்கள் சாப்பிடும் தட்டிலேயே சோற்றைப் போட்டு, எங்கள் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தார். சாப்பாடு முடிந்ததும் சூட்கேஸைத் திறந்து சின்னக் காலுறைகளை வெளியே எடுத்தார்.

"வாயைத் திறக்காதேங்கோ எண்டு சொல்லித்தானே விட்டனான்," என்று அப்பாவை நக்கலடித்தார். பல வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

நம் சனம் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் பொய். பதினொரு வருடமாக எத்தனை பேருடைய அழுகையை அவர் கேட்டிருப்பார். ஒன்றும் அந்த வாயிலிருந்து வெளியே போனதில்லை. தன் சொந்தக் கதையே போகாத வாய் அது.

அடுத்த புதன்கிழமை இருவரிடமும் அனுமதி அட்டை இருந்தது. அப்பா புது அட்டையையும் அதே சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்தினார். காவலர் நாணலுக்குள் தெரிந்தவுடனே, ஐம்பது அடி தூரத்திலேயே, அட்டையைக் கையில் உயர்த்திக்கொண்டு நின்றார். காவலர் வந்து வாசித்துத் திருப்பித் தந்தார். பிறகு என் முதுகைப் பார்த்தார்.

"இன்றைக்குப் பை துள்ளவில்லையா?" என்று கேட்டார்.

தவளையா? மூன்று வருடம் கழித்து மொழிபெயர்ப்பாளரின் கையிலிருந்து போனது. ஒரு பெரிய ஆத்துச் சீலா நூலோடு கொண்டுபோய்விட்டது. அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அது என் விளையாட்டுச் சாமான் என்று அப்பா சொல்லியிருந்ததால். எனக்குப் பதின்மூன்று வயது. பெரிய மனுசி போல, பரவாயில்லை மாமா என்றேன்.

இனி, கல்யாண வீட்டில் கேள்வி கேட்ட என் சிநேகிதிக்கு மட்டும்.

அனுமதி அட்டையோடு போன அந்தப் புதன்கிழமை காலை அம்மா திரைச்சீலையைத் தோய்த்து முன்னறையில் மாட்டிவிட்டார். எதிர்வீட்டுக் கிழவர் கையசைத்து விடைபெற்றார். அப்பா தடியை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றார். அங்கே நம்முடைய ஆள் ஒருவர் நின்றார். அது உன் அப்பா. தடியை மேலும் கீழும் பார்த்து, "என்ன இது?" என்று கேட்டார்.

நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். கரை அடிக்கக் கொடுக்கிற பொய் இனிச் சரிவராது, சீலை ஜன்னலில் தொங்குகிறது.

"மீன் பிடிக்கப் போறன்," என்றார் அப்பா. பஸ் தரிப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அன்றைக்கு முழுவதும் எனக்கு அவர்மேல் கோபம்.

அதற்கு அடுத்த புதன்கிழமை அதே பஸ் தரிப்பில் எங்களுக்கு முதலே வந்து நின்றார். கக்கத்தில் நீளமாக ஏதோ, நீலப் பூப்போட்ட படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டியிருந்தது, நுனியில் தூண்டில் நூல் தெரிந்தது. "போன வருசம் ஆரோ தந்தவை, சும்மா கிடந்தது," என்றார்.

உங்கள் வீட்டில் அந்த விரிப்புக் காணாமல் போன வருடம் எது என்று உன் அம்மாவிடம் கேட்டுப் பார்.